பிரேயஸுக்கு முன்னால் ‘இன்’ போடலாமா?

கி.மு. 50, டிசம்பர் மாதம். ரோமக் குடியரசு உள்நாட்டுப் போரின் விளிம்புக்கு வந்துவிட்டது. வடக்கே படையோடு சீசர் இருக்கிறார், எதிர்ப்பக்கம் பாம்பி இருக்கிறார். சிலிசியாவில், அதாவது இன்றைய துருக்கியின் தென்கரைப் பகுதியில், ஆளுநராக இருந்துவிட்டு நவம்பர் கடைசியில்தான் சிசரோ இத்தாலிக் கரையில் இறங்கியிருக்கிறார். இரண்டு தரப்பும் அவரைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. யாரோடு நிற்பது, நின்றால் என்ன ஆகும் என்று ஆருயிர் நண்பர் அட்டிகஸுக்கு நீண்ட கடிதம் எழுதுகிறார். பக்கம் பக்கமாக அரசியல். கடிதம் முடியப்போகிற நேரத்தில் திடீரென்று ஒரு பத்தி வருகிறது. பிரேயஸ் என்ற ஊர்ப்பெயருக்கு முன்னால் ‘இன்’ என்ற துக்கடாச் சொல்லை நான் போட்டது தவறா?

அந்தப் பத்தி முடிந்த கையோடு, சீசர் தனக்குத் தேனொழுகக் கடிதம் எழுதுகிறார் என்று மறுபடி அரசியலுக்குப் போய்விடுகிறார். அடுத்த மாதமே சீசர் ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்தது.

இந்தப் பதிவு அந்த ‘இன்’ பற்றியது. ஒரு குடியரசு சரியும் நேரத்தில் இப்படியொரு கவலையா என்று சிரிக்கத் தோன்றும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அந்த இரண்டெழுத்துக்குள் ஒரு துறைமுகத்தின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி.

அக்கரையில் இருந்த ஊர்

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். பிரேயஸ், ஏதென்ஸின் துறைமுகம். நகரத்துக்குத் தென்மேற்கே, கடலுக்குள் துருத்தி நிற்கும் பாறை மேடு. காந்தரோஸ், ஸேயா, முனிக்கியா என்று மூன்று இயற்கைத் துறைகள். இன்றும் கிரேக்கத்தின் மிகப் பெரிய துறைமுகம் இதுதான். ஏதென்ஸிலிருந்து கிரீட்டுக்கோ சாண்டோரினிக்கோ கப்பலில் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கே வந்துதான் ஏறுகிறார்கள்.

பழைய கிரேக்கத்தில் இதன் பெயர் ‘பெய்ரையெவ்ஸ்’. ‘பெரான்’ என்றால் அப்பால், எதிர்ப்பக்கம், அக்கரை. அகஸ்டஸ் காலத்துப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ இந்தச் சொல்லைத்தான் பெயருக்கு வேராகச் சொல்கிறார். பிரேயஸ் ஒரு காலத்தில் தீவாக இருந்தது, பெருநிலத்துக்கு எதிரே அக்கரையில் கிடந்தது, பெயர் அப்படி வந்தது என்பது அவர் கணக்கு.

பெயரின் பின்பாதியும் கவனிக்கத்தக்கது. ‘-எவ்ஸ்’ என்ற ஈறு கிரேக்கத்தில் பெரும்பாலும் ஆட்களைக் குறிக்கும் சொற்களில் வரும். ‘பசிலெவ்ஸ்’ அரசன், ‘ஹியெரெவ்ஸ்’ பூசாரி, ‘கிரம்மடெவ்ஸ்’ எழுத்தர், ‘ஹலியெவ்ஸ்’ மீனவர். அந்த வரிசையில் வைத்தால் ‘பெய்ரையெவ்ஸ்’ ஓர் ‘அக்கரைக்காரன்’ ஆகிவிடுகிறது. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆளேற்றும் தோணிக்காரன் என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நடுவில் தண்ணீர் இருந்தாக வேண்டும்.

பழங்கால ஆசிரியர்கள் ஊர்ப்பெயருக்குச் சொல்லும் விளக்கங்களை நான் பொதுவாக நம்புவதில்லை. பெயரை வைத்துக் கதை கட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். இந்தமுறை ஸ்ட்ராபோ தப்பித்துவிட்டார். பிரெஞ்சு, கிரேக்க ஆய்வாளர்கள் பிரேயஸுக்கும் ஏதென்ஸுக்கும் நடுவிலுள்ள சமவெளியில் ஆழத் துளையிட்டு, அடுக்கடுக்காக மண்ணெடுத்துப் பார்த்து, 2011இல் ‘ஜியாலஜி’ ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். சுமார் கி.மு. 4800 முதல் 3400 வரை பிரேயஸ் உண்மையாகவே தீவுதான். பிறகு ஆறு கொண்டுவந்த வண்டல் இடையிலிருந்த கடலைத் தூர்த்து, காயலாக்கி, சதுப்பாக்கி, கடைசியில் தரையாக்கிவிட்டது.

அந்தச் சதுப்பு எளிதில் காயவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸையும் பிரேயஸையும் இணைக்கும் நீண்ட மதில்களுக்கு அஸ்திவாரம் போட்டபோது, ஈர நிலத்தில் சரளையையும் பெரும் பாறைகளையும் கொட்டி அமுக்க வேண்டியிருந்தது என்றும், அதற்குப் பணம் கொடுத்தவர் கிமோன் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். தீவின் நினைவு மூவாயிரம் ஆண்டு வாய்வழியாக வந்ததா, அல்லது சதுப்பையும் பெயரையும் சேர்த்துப் பார்த்து யாரோ கெட்டிக்காரத்தனமாக ஊகித்தார்களா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

ஊருக்கு ஒரு சட்டம், நாட்டுக்கு ஒரு சட்டம்

இனி இலக்கணம். பயப்பட வேண்டாம், தமிழ் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான்.

லத்தீனிலும் பெயர்ச்சொல்லின் ஈறு மாறி வேற்றுமையைக் காட்டும். ஆனால் இடத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் ஈறு மட்டும் போதாது. பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல்லும் வேண்டும். இத்தாலிக்குப் போவது ‘இன் இத்தாலியம்’, இத்தாலியில் இருப்பது ‘இன் இத்தாலியா’, இத்தாலியிலிருந்து வருவது ‘எக்ஸ் இத்தாலியா’. முன்னால் வரும் ‘இன்’, ‘எக்ஸ்’ போன்றவற்றை முன்னிடைச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

நாடுகளுக்கும் மாகாணங்களுக்கும் இதுதான் சட்டம். நகரங்களுக்கும் ஊர்களுக்கும் சிறு தீவுகளுக்கும் வேறு சட்டம். அவற்றின் பெயருக்கு முன்னால் எதையும் போடக் கூடாது, ஈறே எல்லா வேலையையும் செய்யும். ரோமை உதாரணம் காட்டினால் தமிழில் ‘ரோமம்’ என்று வந்து மானத்தை வாங்கும், எனவே கொரிந்து நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘கொரிந்தம்’ என்றாலே கொரிந்துக்கு. ‘கொரிந்தோ’ என்றால் கொரிந்திலிருந்து. ‘கொரிந்தி’ என்றால் கொரிந்தில். ஏதென்ஸ் லத்தீனில் எப்போதும் பன்மைப் பெயர். அதனால் அங்கே போவது ‘அதேனாஸ்’, அங்கிருந்து வருவதும் அங்கே இருப்பதும் ‘அதேனீஸ்’.

ஊர்ப்பெயர்களோடு இன்னும் சில சாதாரணச் சொற்களும் இந்தச் சலுகையை அனுபவிக்கின்றன. அவற்றில் முக்கியமானது வீடு. வீட்டுக்கு என்று சொல்ல ‘தோமம்’ போதும், ‘இன்’ வேண்டாம். நம் செய்தித்தாள் தமிழைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘முதல்வர் டெல்லி சென்றார்’, ‘அமைச்சர் மதுரை வந்தார்’, ‘நோயாளி வீடு திரும்பினார்’ என்று ‘கு’ உருபை விழுங்கிவிட்டு எழுதுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ‘அவர் கடை சென்றார்’ என்று எழுதினால் மட்டும் ஏதோ இடிக்கிறது. ஊருக்கும் வீட்டுக்கும் இருக்கிற செல்லம் கடைக்கு இல்லை. நம்முடையது வழக்கம், சட்டமல்ல. ‘இந்தியா வந்தார்’ என்று நாட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். ‘மதுரையிலிருந்து’ என்பதில் எதையும் விழுங்க முடியாது. லத்தீன்காரர்கள் இதையே கறாரான விதியாக்கினார்கள்.

காரணம் பழமை. லத்தீனின் மூதாதை மொழியில் வேற்றுமை ஈறுகளே இடத்தையும் திசையையும் சொல்லப் போதுமானவையாக இருந்தன. முன்னிடைச்சொற்கள் தனி வினையடைகளாக அங்கங்கே திரிந்துகொண்டிருந்தன. பிறகு மெல்ல மெல்லப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டன. அன்றாடம் வாயில் புழங்கிய ஊர்ப்பெயர்களும் வீடும் மட்டும் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை.

இங்கேதான் சிக்கல். இந்த விதியைப் பின்பற்ற வேண்டுமானால், எழுதுகிறவர் முதலில் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லும் பெயர் ஊரா, நாடா, வெறும் இடமா? தேலோஸ் சிறு தீவு, ‘இன்’ வேண்டாம். சிசிலி பெரிய தீவு, ‘இன்’ வேண்டும். பிரேயஸ்? அது ஏதென்ஸின் ஒரு பகுதியா, தனி ஊரா, ஒரு கப்பல் துறையா?

கடிதத்தில் இருந்த குற்றம்

சிலிசியாவிலிருந்து திரும்பும் வழியில் அக்டோபர் 14ஆம் தேதி சிசரோ பிரேயஸில் இறங்கினார். ஏதென்ஸ் போய்ச் சேர்ந்ததும் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தைப் பிரேயஸில் இறங்கிய செய்தியோடுதான் தொடங்கினார். அதில் அவர் போட்ட வடிவம் ‘இன் பிரேயேயா’.

அட்டிகஸ் சாமானிய வாசகர் இல்லை. இயற்பெயர் டைட்டஸ் பொம்போனியஸ். ரோமின் கலவரங்களிலிருந்து விலகி ஏறத்தாழ இருபது ஆண்டு ஏதென்ஸில் வாழ்ந்தவர். ‘அட்டிகஸ்’ என்பதே ஏதென்ஸ் அமைந்த அத்திகா பகுதியை வைத்து வந்த பட்டப்பெயர். கிரேக்கத்தை அந்த ஊர்க்காரர்களைப் போலவே பேசுவார் என்று அவர் வரலாற்றை எழுதிய நெப்போஸ் சொல்கிறார். இப்படிப்பட்ட ஆளிடம் பிரேயஸைப் பற்றி இலக்கணம் பிசகலாமா? பிசகிவிட்டது என்று அட்டிகஸ் பதில் போட்டார். அந்தப் பதில் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் சிசரோவுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிசரோவின் மறுமொழியிலிருந்துதான் குற்றச்சாட்டை ஊகிக்க முடிகிறது.

சிசரோ முன்னால் இருந்த வாய்ப்புகள் நான்கு:

- ‘இன் பிரேயேயா’: முன்னிடைச்சொல் உண்டு, கிரேக்க ஈறு
- ‘பிரேயேயா’: முன்னிடைச்சொல் இல்லை, கிரேக்க ஈறு
- ‘இன் பிரேயம்’: முன்னிடைச்சொல் உண்டு, லத்தீன் ஈறு
- ‘பிரேயம்’: முன்னிடைச்சொல் இல்லை, லத்தீன் ஈறு

கிரேக்க ஈறு எங்கிருந்து வந்தது? ‘பெய்ரையெவ்ஸ்’ என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் இரண்டாம் வேற்றுமை ‘பெய்ரையேயா’. ஏதென்ஸ்காரர்களின் பழைய வழக்கில் அது சுருங்கி ‘பெய்ரையா’ ஆகிவிட்டது. சிசரோ எழுதியது சுருங்காத நீண்ட வடிவம். லத்தீன்காரர்களோ இந்தப் பெயரைப் ‘பிரேயஸ்’ என்று தங்கள் அச்சில் வார்த்து, நமக்கு மியூசியம், ஸ்டேடியம் வழியாகப் பழகிய ‘-அம்’ ஈற்றைப் போட்டு ‘பிரேயம்’ என்றார்கள்.

இனி வக்கீல் சிசரோவின் வாதத்தைப் பாருங்கள். என் சொற்களில் சுருக்கிச் சொல்கிறேன்.

முதல் அடி: என்னைக் குறை சொல்வதென்றால் ‘இன்’ போட்டதற்குச் சொல்லாதே. ரோமனாகப் பிறந்தவன் ‘பிரேயம்’ என்னாமல் ‘பிரேயேயா’ என்று எழுதினேனே, அதற்குச் சொல். எதிராளி வைத்த குற்றச்சாட்டை விட்டுவிட்டு, அவர் வைக்காத ஒன்றைத் தானே முன்வந்து ஒப்புக்கொள்வது நீதிமன்றத்தில் அடிபட்டவர்களுக்குத் தெரிந்த வித்தை.

இரண்டாவது: ஊர் என்று நினைத்து நான் ‘இன்’ போடவில்லை, இடம் என்று நினைத்துப் போட்டேன். மூன்றாவது: என் மகனுக்குப் பாடம் சொல்லும் தியோனிசியஸும், இப்போது என்னோடிருக்கும் கோஸ் தீவு நிக்கியாஸும்கூடப் பிரேயஸை ஊர் என்று கருதவில்லை. இருவரும் கிரேக்கப் புலவர்கள்.

நான்காவதாக முன்னோர் வழக்கு. நாடக ஆசிரியர் கேசிலியஸ் ‘இன் பிரேயம்’ என்று எழுதியிருக்கிறார். அவர் லத்தீனுக்கு நல்ல மேற்கோள் இல்லை என்பதால் அவரை விட்டுவிடலாம். டெரன்ஸும் அப்படித்தான் எழுதியிருக்கிறார், அவரை மறுக்க முடியுமா?

ஐந்தாவது அடிதான் கூர்மையானது. பிரேயஸ் ஏதென்ஸ் அரசின் ‘தேமோஸ்’களில் ஒன்று, அதாவது குடிமக்கள் பதிவுக்கான ஊர்ப் பிரிவு. சூனியம் என்ற இடமும் அப்படி ஒரு தேமோஸ். தேமோஸெல்லாம் ஊர் என்றால் சூனியமும் ஊர்தானே? அப்படியிருக்க, சூனியத்திலிருந்து வந்ததைச் சொல்ல டெரன்ஸ் ‘எ சூனியோ’ என்று முன்னிடைச்சொல் போட்டிருக்கிறாரே!

கடைசியில் ஒரு செல்லக் கிண்டல். நீதான் இலக்கணப் புலவராயிற்றே, இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டால் பெரிய தொல்லையிலிருந்து விடுபடுவேன் என்கிறார். சிக்கல் என்பதற்கு அவர் போட்ட சொல் ‘ஸேடேமா’. சுத்தக் கிரேக்கம். ரோமன் கிரேக்க ஈறு போட்டது குற்றம் என்று சற்று முன்புதான் சொன்னவர்!

சாட்சிக் கூண்டில் இருவர்

நல்ல லத்தீனுக்கு அவர் கூப்பிட்ட சாட்சிகள் யார்? கேசிலியஸ் ஸ்டேஷியஸ், வட இத்தாலியின் ‘கால்’ என்ற இனத்தைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் முன்னாள் அடிமை. டெரன்ஸ், கார்த்தேஜில் பிறந்து ரோமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். இருவருக்கும் லத்தீன் பிறப்பில் வந்த மொழியாக இருக்க வாய்ப்பு குறைவு. இதில் ஒருவரைத் தள்ளி, மற்றவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது ரோம். டெரன்ஸின் மொழி அவ்வளவு நேர்த்தியாக இருப்பதால், அந்த நாடகங்களை உண்மையில் லேலியஸ் என்ற ரோமப் பிரபுதான் எழுதினார் என்றொரு வதந்தி உலவியது. அதையும் சிசரோ அதே வாக்கியத்தில் சொல்லிக்கொள்கிறார். அடிமையாக இருந்தவன் இவ்வளவு நன்றாக எழுதிவிட முடியுமா என்ற எண்ணம் அந்த வதந்திக்கு அடியில் இருக்கிறது.

சாட்சியத்திலும் ஒரு சின்ன ஓட்டை. சிசரோ காட்டும் டெரன்ஸ் வரி, கி.மு. 161இல் மேடையேறிய ‘யூனுக்கஸ்’ நாடகத்தில் வருகிறது. நமக்குக் கிடைத்துள்ள சுவடிகளில் அங்கே இருப்பது ‘இன் பிரேயம்’ இல்லை, ‘இன் பிரேயோ’. முன்னது பிரேயஸுக்கு, பின்னது பிரேயஸில். மனப்பாடத்திலிருந்து எழுதியிருப்பார். எப்படியிருந்தாலும் ‘இன்’ இருக்கிறது, வாதம் விழவில்லை.

அந்த ‘இன்’ கிரேக்கத்தின் நிழலோ என்று எனக்கொரு சந்தேகம். டெரன்ஸ் இந்த நாடகத்தை மெனாந்தரின் கிரேக்க நாடகத்தைத் தழுவி எழுதினார். கிரேக்க உரைநடைக்கு இந்த ஊர்ச் சலுகையெல்லாம் கிடையாது, ஊர்ப்பெயருக்கும் ‘எய்ஸ்’ என்ற முன்னிடைச்சொல்லைப் போடும். சாக்ரடீஸ் பிரேயஸுக்கு இறங்கிப்போன செய்தியோடு தொடங்கும் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலும் முதல் வாக்கியத்திலேயே அந்த ‘எய்ஸ்’ இருக்கிறது. அதைப் படித்து வளர்ந்த காதுக்கு ‘இன் பிரேயம்’ இயல்பாக ஒலித்திருக்கும்.

ஊரா, இடமா?

சரி, உண்மையில் பிரேயஸ் என்ன?

கண்ணால் பார்த்தவர்களுக்கு அது ஊர்தான், சாதாரண ஊரும் இல்லை. கி.மு. 493 வாக்கில் தெமிஸ்டாக்கிளீஸ் அங்கே அரண் கட்டத் தொடங்கினார். பின்பு மிலேட்டஸைச் சேர்ந்த ஹிப்போதாமஸ் தெருக்களைச் சதுரம் சதுரமாக வகுத்தார். அங்கிருந்த சந்தைவெளி அவர் பெயராலேயே வழங்கியது. போர்க்கப்பல் கொட்டகைகள், தானியக் கிடங்குகள், வெளிநாட்டு வணிகர்கள் கொண்டுவந்த புதுத் தெய்வங்கள் எல்லாம் இருந்தன. சாக்ரடீஸ் அன்று அங்கே போனதே திரேசியர்களின் பெந்திஸ் தேவிக்கு எடுத்த விழாவைப் பார்க்கத்தான்.

சட்டத்தின் கண்ணுக்கு அது ஊர் இல்லை. கி.மு. 508இல் கிளெய்ஸ்தனீஸ் செய்த சீர்திருத்தத்திலிருந்து பிரேயஸ் ஏதென்ஸின் ஒரு தேமோஸ். அங்கே வாழும் குடிமகன் ஏதென்ஸின் குடிமகன். தனி அரசு கிடையாது, ஏதென்ஸுக்குச் சேவகம் செய்யும் கடல்வாசல்.

கட்டடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதா, அரசியலமைப்பை வைத்தா? லத்தீன் விதி இதற்குப் பதில் சொல்லவில்லை. சிசரோ இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. கி.மு. 86இல் ரோமத் தளபதி சுல்லா பிரேயஸைப் பிடித்து எரித்தார். பிலோ கட்டிய பெயர்பெற்ற கப்பல் ஆயுதக் கிடங்கும் அதோடு போயிற்று. சிசரோ இறங்கியது அதற்கு 36 ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் கண்டது பழைய பிரேயஸின் மிச்சத்தை. ஊர் என்று எண்ணவில்லை என்று அவர் சொல்வதில் வக்கீல் சாமர்த்தியத்தோடு அந்தக் காட்சிக்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஐந்து ஆண்டு கழித்து வருகிறது, அதுவும் சிசரோவுக்கு வந்த கடிதங்களிலேயே. கி.மு. 45 தொடக்கத்தில் சிசரோவின் மகள் துல்லியா இறந்துபோனாள். அப்போது கிரேக்கத்தை ஆண்டுவந்த நண்பர் செர்வியஸ் சுல்பிசியஸ், பெரிய சட்ட நிபுணர், ஆறுதல் கடிதம் எழுதினார். கப்பலில் வரும்போது நான்கு புறமும் ஏஜினா, மெகாரா, பிரேயஸ், கொரிந்து தெரிந்தன, ஒரு காலத்தில் செழித்தவை இன்று இடிந்து கிடக்கின்றன, ஊர்களே சாகும்போது மனிதர் சாவதற்கு நாம் கலங்கலாமா என்று கேட்டார். அந்த நான்கையும் சேர்த்து அவர் சொன்ன சொல் ‘ஒப்பிடா’. ஊர்கள்! எந்தச் சொல் பிரேயஸுக்குப் பொருந்தாது என்று சிசரோ அடித்துச் சொன்னாரோ, அதே சொல்.

அதே ஆண்டு மே மாதம் சுல்பிசியஸ் இன்னொரு துக்கச் செய்தி எழுதினார். இருவருக்கும் நண்பரான மார்செல்லஸ், பிரேயஸில் இரவு விருந்துக்குப் பிறகு தன் கூட்டாளி ஒருவனாலேயே கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எபிதாரஸிலிருந்து கப்பலில் பிரேயஸ் வந்து சேர்ந்ததைச் சொல்லி அந்தக் கடிதம் தொடங்குகிறது. அங்கே அவர் எழுதியது வெறும் ‘பிரேயம்’. லத்தீன் ஈறு, ‘இன்’ கிடையாது. அட்டிகஸ் படித்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். வேடிக்கை என்னவென்றால், அதே வாக்கியத்தில் எபிதாரஸ் என்ற அசல் ஊருக்கு முன்னால் ‘அப்’ என்ற முன்னிடைச்சொல்லைப் போட்டுவிட்டார்.

அட்டிகஸின் இன்னொரு நண்பர் நெப்போஸ் என்ன செய்தார்? அல்சிபியாதீஸ் நாடு திரும்பியபோது ஊரே பிரேயஸுக்கு இறங்கி வந்து வரவேற்றதை எழுதுகிறார். ‘இன் பிரேயம்’ என்றுதான் எழுதுகிறார். ஆக, ஒரே வட்டத்துக்குள் மூன்று பேர், மூன்று வடிவங்கள். விதி எல்லோருக்கும் தெரியும். ஊரைப் பற்றிய தீர்ப்பில்தான் ஆளுக்கொரு பக்கம்.

இதில் இன்னொரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. சிறு தீவுகளுக்கும் ‘இன்’ கூடாது என்றேனே. ஸ்ட்ராபோ சொன்ன அந்தப் பழைய தீவு தூர்ந்துபோகாமல் இருந்திருந்தால் வழக்கே எழுந்திருக்காது, ஊராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘பிரேயம்’தான். சிசரோவின் தொல்லைக்கு மூலகாரணம் ஆற்று வண்டல்.

பெயர் போய் வந்த கதை

ரோமர்களுக்குப் பிறகு பெயரே புழக்கத்திலிருந்து மறைந்தது. இடைக்காலத்தில் இத்தாலிய மாலுமிகள் இந்தத் துறையை ‘போர்ட்டோ லியோனே’, சிங்கத் துறைமுகம் என்றார்கள். அங்கே ஒரு பெரிய பளிங்குச் சிங்கம் உட்கார்ந்திருந்தது. 1680களில் வெனிஸ் தளபதி மொரோசினி அதைத் தூக்கிக்கொண்டு போனார். இன்று வெனிஸின் கப்பல் கட்டும் தள வாசலில் இருக்கிறது. அதன் உடலில் ஸ்காண்டிநேவிய ரூன் எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பது தனிக் கதை. 19ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் விடுதலை பெற்ற பிறகு துறைமுகத்துக்குப் பழைய பெயர் திரும்பியது.

இன்றைய கிரேக்கர்கள் ஊரைச் சாதாரணமாகப் ‘பிரெயாஸ்’ என்கிறார்கள். பிரேயஸினுடைய என்பது பேச்சு வழக்கில் ‘பிரெயா’. ஆனால் ஏதென்ஸிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பெருஞ்சாலையின் பெயர்ப்பலகையில் ‘பிரெயோஸ்’ என்றிருக்கும். சிசரோ கையாண்ட அதே ‘-எவ்ஸ்’ பெயரின் பண்டைய ஆறாம் வேற்றுமை அது. 1916இல் தொடங்கிய பிரேயஸ் வங்கியின் கிரேக்கப் பெயரிலும் அதே வடிவம்தான். பேச்சில் செத்துப்போன வேற்றுமை, தெருப்பலகையிலும் வங்கி வாசலிலும் பிழைத்திருக்கிறது.

கடைசியில் வென்றது எது?

அட்டிகஸ் என்ன பதில் எழுதினார் என்று அறிய வழியில்லை. வழக்கை வேறொருவர் முடித்துவைத்தார். பேரரசர் அகஸ்டஸ், தான் சொல்வது தெளிவாகப் புரிய வேண்டும் என்பதையே முதன்மையாகக் கொண்டவர் என்றும், அதற்காக ஊர்ப்பெயர்களுக்கு முன்னாலும் முன்னிடைச்சொல் போடத் தயங்கியதில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதிய சுவிட்டோனியஸ் சொல்கிறார். அவற்றை விட்டுவிட்டால் அழகு கூடும், ஆனால் பொருள் கொஞ்சம் மங்கும் என்று ஒரு குறிப்பையும் சேர்க்கிறார். ஊரா இடமா என்ற ஆராய்ச்சியெல்லாம் பேரரசருக்குத் தேவைப்படவில்லை.

காலம் அகஸ்டஸ் பக்கம் நின்றது. பேச்சு லத்தீனில் சொல்லின் கடைசி ‘ம்’ தேய்ந்தது, குறிலும் நெடிலும் கலந்தன. ரோமுக்கு என்பதும் ரோமிலிருந்து என்பதும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கிய பிறகு, முன்னால் ஒரு சொல்லைப் போடாமல் யாருக்கும் வழி தெரியவில்லை. லத்தீனின் பிள்ளைகளான இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இன்று முன்னிடைச்சொல் இல்லாமல் எந்த ஊருக்கும் போக முடியாது.

எனவே ‘இன்’ கட்சிக்கே வெற்றி. ஆனால் சிசரோ அடுக்கிய ஐந்து காரணங்களில் ஒன்றுகூட அந்த வெற்றிக்கு உதவவில்லை. இலக்கணம் எழுதுகிறவருக்குத்தான் ஊரும் இடமும் வேறு வேறு. வழி கேட்கிறவனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று புரிந்தால் போதும்.